செல்ஃப் அடித்தால் கரண்ட் போகும் காருக்குத் தேவையில்லாமல் மோட்டார் மாற்றியது குறித்த புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

ஐயா,

என் வீடு முட்டத்தில், கடலுக்குப் பக்கத்தில். ஆறு வருடமாக உங்கள் கம்பெனியின் பெட்ரோல் கார் வைத்திருக்கிறேன். எல்லா சர்வீஸும் உங்கள் நாகர்கோவில் சர்வீஸ் சென்டரில்தான்.

இரண்டு மாதத்துக்கு முன், சாவியை ஸ்டார்ட் பக்கம் திருப்பியதும் ஒரு 'டிக்' சத்தம் வந்தது. அதோடு மீட்டர் போர்டு, ஹாரன், உள் லைட் எல்லாம் செத்துவிட்டன. பானட்டைத் திறந்து பேட்டரி ஒயரைக் கொஞ்சம் ஆட்டினால் உயிர் வரும், கடிகாரம் 12:00 என்று காட்டும். ஒயரை ஆட்டினால் கரண்ட் வருகிறது என்பதை ஜாப் கார்டிலும் எழுதச் சொன்னேன், எழுதினார்கள். அதைப் படித்தவர் யாரும் இல்லை போலும்.

முதலில் பேட்டரி போய்விட்டது என்று சொல்லிப் புதிதாகப் போட்டார்கள். ஒன்பதே நாளில் அதே கதை. அடுத்து செல்ஃப் மோட்டார் ஷார்ட் என்று அதையும் மாற்றி ரூ.9,850 வாங்கினார்கள். பழைய மோட்டாரைக் கேட்டதற்கு, "அது ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு சார்" என்று பதில்.

அப்புறம் போன வாரம் அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்த் திரும்பும்போது, மட்டிப்பழம் வாங்கத் திங்கள்சந்தையில் வண்டியை நிறுத்தினேன். பழத்தோடு வந்து சாவியைத் திருப்பினால் மறுபடியும் 'டிக்'. இந்த முறை ஒயரை எவ்வளவு ஆட்டியும் உயிர் வரவில்லை. நாலு பேர் தள்ளிப் பார்த்தார்கள். கரண்டே இல்லாத வண்டியில் பெட்ரோல் பம்ப் எப்படி ஓடும்? கண்ணில் மருந்து விட்டிருந்த அம்மா, வெயிலில் முக்கால் மணி நேரம் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் பக்கத்துக் கடை ஆட்டோ எலக்ட்ரீசியன் அண்ணன் ஒருவர் மல்டிமீட்டரோடு வந்தார். பேட்டரியின் இரண்டு கட்டையிலும் வைத்துப் பார்த்தார், 12.6 வோல்ட். பேட்டரி நல்லா இருக்கு என்றார். அடுத்து மீட்டரின் ஒரு முனையை நெகட்டிவ் கட்டையிலும் மறு முனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்துக்கொண்டு என்னைச் சாவியைத் திருப்பச் சொன்னார். எர்த், அதாவது பேட்டரி நெகட்டிவை இன்ஜினோடும் பாடியோடும் சேர்க்கும் இணைப்பு, சரியாக இருந்தால் அங்கே அரை வோல்ட்கூடக் காட்டக்கூடாதாம். 11க்கு மேல் காட்டியது. பேட்டரி ட்ரேயைக் கழற்றினால், எர்த் கேபிள் பாடியில் சேரும் போல்ட்டில் பச்சைக் களிம்பு. அடியில் துரு. கேபிள் முனையில் இருக்கும் உலோக வளையமான லக்கை விரலால் தொட்டதும் பாதிக் கம்பி உதிர்ந்தது.

லைட் எரிய சில ஆம்பியர் போதும், அரைகுறைத் தொடர்பிலும் எரியும். செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும்போது அந்தத் தொடர்பு அறுந்து, மொத்த வண்டியும் அணைந்துவிடுகிறது. அவர் சொன்ன பிறகுதான் எனக்கே புரிந்தது. உப்புக்காற்று அடிக்கும் ஊரில் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான் என்றார். புது கேபிள், கூலி எல்லாம் சேர்த்து ரூ.600. அதன் பிறகு தினமும் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகிறது, அதுவும் உங்கள் ஆட்கள் கையே வைக்காத அந்த எர்த்தால்.

பேட்டரிக் காசை நான் கேட்கவில்லை. பழையது நாலு வருடம் ஓடிவிட்டது, எப்படியும் மாற்ற வேண்டியதுதான். ஆனால் செல்ஃப் மோட்டார் கெட்டுப்போனது என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள்? மீட்டர் வைத்துப் பார்த்த அளவு ஏதாவது இருந்தால் எழுத்தில் தாருங்கள். இல்லையென்றால் ரூ.9,850-ஐயும் கேபிளுக்கு ஆன ரூ.600-ஐயும் திருப்பித் தர வேண்டும். என்னைக் கேட்காமல் பழைய மோட்டாரை ஸ்கிராப்புக்குப் போட்டது ஏன் என்பதற்கும் பதில் வேண்டும்.

இரண்டு பில், ஜாப் கார்டு நகல், களிம்பு பிடித்த லக்கின் படம் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். அறுந்த கேபிளும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. 15 நாளில் பதில் வராவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் அந்தக் கேபிளோடு வந்து நிற்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
முட்டம், கன்னியாகுமரி மாவட்டம்