உரிமம் இருந்தும் உயிர் போனவர்கள்: அமெரிக்க தேசிய ரைஃபிள் சங்க இயக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்குநர்களுக்கு,

வணக்கம். துப்பாக்கி உரிமைக்காகக் குரல் கொடுக்கும் உங்கள் சங்கத்திடம், அந்த உரிமையைப் பறிக்க வேண்டும் என்று கேட்பதற்காக இந்த மடலை எழுதவில்லை. ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைக் காக்கும் அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தம் நிறம் பாராமல் எல்லாருக்கும் பொது என்கிறீர்கள். அதை அப்படியே ஏற்றுக்கொண்டு கேட்கிறோம்: சட்டப்படி துப்பாக்கி வைத்திருந்த ஒரு கறுப்பர் காவலரின் குண்டுக்குப் பலியாகும்போது உங்கள் சங்கம் எங்கே நிற்கிறது?

2016 ஜூலை 6 இரவு, மினசோட்டா மாநிலம் ஃபால்கன் ஹைட்ஸில் ஃபிலாண்டோ காஸ்டீல் ஓட்டி வந்த கார் நிறுத்தப்பட்டது. அவருக்கு வயது 32. செயின்ட் பாலில் ஒரு பள்ளியின் உணவுக்கூட மேற்பார்வையாளர். துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லும் உரிமம் பெற்றவர். பின்விளக்கு எரியவில்லை என்று அவரிடம் சொல்லப்பட்டது. ஆனால் வண்டியை நிறுத்துவதற்கு முன் காவலர் வயர்லெஸ்ஸில் சொன்ன காரணம் வேறு: ஓட்டுநரின் மூக்கு அகலமாக இருக்கிறது, தேடப்படும் கொள்ளையன்போல் தெரிகிறது. அதற்கு முந்தைய 13 ஆண்டுகளில் காஸ்டீலின் வண்டி குறைந்தது 46 முறை நிறுத்தப்பட்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ரோந்து காரின் கேமராப் பதிவில் பேச்சு தெளிவாகக் கேட்கிறது. ஓட்டுநர் உரிமத்தையும் காப்பீட்டு அட்டையையும் காவலர் கேட்கிறார். காஸ்டீல் காப்பீட்டு அட்டையைக் கொடுக்கிறார். பிறகு மரியாதையாக, தன்னிடம் துப்பாக்கி இருப்பதைச் சொல்லிவிட வேண்டும் என்கிறார். காவலர் கேட்டால் மட்டும் சொன்னால் போதும் என்பதுதான் மினசோட்டா சட்டம். அவர் கேட்காமலே சொன்னார். "அதை எடுக்க வேண்டாம்" என்று பதில் வருகிறது. ஆனால் "உரிமத்தை எடு" என்ற முதல் கட்டளை இன்னும் நிலுவையில் இருக்கிறது. ஒன்றுக்குப் பணிந்தால் மற்றொன்றை மீறியதாகிவிடும். துப்பாக்கியை எடுக்கவில்லை என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஏழு குண்டுகள் பாய்ந்தன. மறு ஆண்டு ஜூன் 16 அன்று அந்தக் காவலர் விடுவிக்கப்பட்டார்.

இரண்டு நாள் கழித்து நீங்கள் விட்ட அறிக்கையில் காஸ்டீலின் பெயர்கூட இல்லை. செய்திகள் கவலை தருகின்றன, விசாரணை நடக்கிறது என்ற அளவோடு அது நின்றது. தீர்ப்புக்குப் பிறகு உங்கள் செய்தித் தொடர்பாளர் பேசியதோ, காரில் இருந்த கஞ்சாவைப் பற்றி. உறுப்பினர் ஒருவர் வீட்டில் அரசாங்கம் தவறாகச் சோதனை போட்டால் உங்கள் குரல் எவ்வளவு உரக்க ஒலிக்கும் என்று நாடு அறியும். அந்தக் குரலைத்தான் அன்று கறுப்பினத் துப்பாக்கி உரிமையாளர்கள் எதிர்பார்த்தார்கள்.

2024 மே 3 அன்று ஃப்ளோரிடாவின் ஃபோர்ட் வால்டன் பீச்சில் விமானப்படை வீரர் ரோஜர் ஃபோர்ட்சன், வயது 23, தன் குடியிருப்பின் கதவைத் திறந்தார். கையில் சொந்தத் துப்பாக்கி, குழல் தரையைப் பார்த்திருந்தது. சில நொடிகளில் வாசலில் நின்ற காவலரின் குண்டுக்குப் பலியானார். சொந்த வீட்டு வாசலில் துப்பாக்கியோடு நிற்பதுதான் உங்கள் இயக்கத்தின் இதயம் என்றால், இதைவிடத் தெளிவான வழக்கு உங்களுக்கு எங்கே கிடைக்கும்?

உங்கள் வழக்கறிஞர்கள் நன்றாக அறிந்த வரலாறு ஒன்று உண்டு. 1865இல் மிசிசிப்பியின் கறுப்பர் சட்டம், அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்றவர்கள் அனுமதியின்றி ஆயுதம் வைத்திருப்பதைத் தடுத்தது. ஃப்ளோரிடாவின் 1893ஆம் ஆண்டுச் சட்டம் கறுப்பினத் தொழிலாளர்களை நிராயுதபாணிகளாக்கவே வந்தது, வெள்ளையருக்காக எழுதப்படவே இல்லை என்று 1941இல் அம்மாநில உச்ச நீதிமன்ற நீதிபதியே எழுதினார். 1956இல் வீட்டில் குண்டு வீசப்பட்ட பிறகு மார்ட்டின் லூதர் கிங் கேட்ட உரிமத்தை அலபாமா மறுத்தது. உரிமச் சட்டங்களை எதிர்க்கும் வழக்குகளில் உங்கள் தரப்பு இந்த வரலாற்றைத் துணைக்கு அழைக்கிறது. சரியாகத்தான் அழைக்கிறது. துப்பாக்கி உரிமம் பற்றிய நியூயார்க் சட்டத்துக்கு எதிரான 2022ஆம் ஆண்டு வழக்கில், அரசுச் செலவில் ஏழைகளுக்காக வாதாடும் வழக்கறிஞர்களும் உங்கள் பக்கம் நின்று, அந்தச் சட்டம் யார் தலையில் விடிகிறது என்பதைக் கணக்கோடு காட்டினார்கள்.

ஆனால் அந்த வரிசையில் ஒரு பக்கம் எப்போதும் விடுபடுகிறது. 1967 மே 2 அன்று கறுப்பின உரிமைக்காகப் போராடிய கருஞ்சிறுத்தைக் கட்சியினர் ஆயுதங்களோடு கலிஃபோர்னியாவின் சாக்ரமெண்டோ சட்டமன்றத்துக்குள் நுழைந்தார்கள். குண்டு நிரப்பிய துப்பாக்கியைப் பொது இடத்தில் ஏந்துவதைத் தடைசெய்யும் மல்ஃபோர்டு சட்டத்தில் ஆளுநர் ரீகன் அதே ஆண்டு ஜூலையில் கையெழுத்திட்டார். உங்கள் சங்கம் அதை ஆதரித்தது. 2020 ஏப்ரலில் மிச்சிகன் சட்டமன்றக் கட்டடத்துக்குள் ரைஃபிளோடு நின்றவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர். அங்கே வெளிப்படையாக ஆயுதம் ஏந்தத் தடை வர மறு ஆண்டு ஜனவரி ஆயிற்று.

இந்த இடத்தில் உங்களை எதிர்ப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் சங்கம் வெள்ளை இனவெறி அமைப்பான கூ க்ளக்ஸ் க்ளானோடு சேர்ந்து பிறந்தது என்ற பேச்சு பொய். 1871இல் அதை நியூயார்க்கில் தொடங்கியவர்கள் உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் இருந்த அதிகாரிகள், குறி தவறாமல் சுடப் பழக்குவதற்காக. விடுதலையான அடிமைகளுக்கு ஆயுதம் கொடுக்கவே சங்கம் தொடங்கப்பட்டது என்று உங்கள் ஆதரவாளர்கள் பரப்பும் கதையும் அதே அளவு பொய்தான். துப்பாக்கி வைத்திருப்பவர் எல்லாரும் இனவெறியர் என்பது, 2015இல் தங்களுக்கென்று தேசிய அமைப்பு தொடங்கிய கறுப்பினத் துப்பாக்கி உரிமையாளர்களையும் சேர்த்து அவமதிப்பது.

நாகரிகம் பற்றிப் பேசும்போது உங்கள் மேடையிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. 2014 ஜனவரியில் உங்கள் இயக்குநர் டெட் நியூஜென்ட், பதவியிலிருந்த குடியரசுத் தலைவர் ஒபாமாவை மனிதரிலும் கீழான கலப்பினம் என்று சொன்னார். அதன் பிறகும் ஆண்டுக்கணக்கில் இயக்குநராகவே இருந்தார். 2015 ஜூனில் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஒன்பது பேர் கொல்லப்பட்ட மறுநாளே, சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்த இறந்த பாதிரியார், துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல அனுமதிக்கும் சட்டத்துக்கு எதிராக வாக்களித்ததால்தான் இது நடந்தது என்ற பொருளில் இன்னொரு இயக்குநர் எழுதினார். 2018இல் உங்கள் தொலைக்காட்சி, குழந்தைகளின் ரயில் தொடரில் கென்ய ரயில் ஒன்று சேர்ந்ததைக் கேலி செய்ய, ரயில் முகங்களுக்கு க்ளான் முக்காடு போட்டுக் காட்டியது. இவை எதுவும் துப்பாக்கி உரிமைக்கு ஒரு வாக்கைக்கூடச் சேர்க்கவில்லை. உரிமம் எடுக்க வரும் கறுப்பினப் பெண்ணுக்கு, இந்த அரங்கு உனக்கில்லை என்று சொன்னதுதான் மிச்சம்.

உங்களால் செய்யக்கூடியது நிறைய. 1960 முதல் காவல்துறையின் துப்பாக்கிப் பயிற்றுநர்களுக்கு நீங்களே பயிற்சி கொடுத்துச் சான்றிதழ் வழங்குகிறீர்கள். குடிமக்கள் பயிற்சியும் உங்களிடம் இருக்கிறது. காரின் இரு பக்கமும் உங்கள் மாணவர்கள்.

குடிமகனுக்குச் சொல்லித்தர வேண்டியவை எளிது. வண்டியை ஓரங்கட்டி, இன்ஜினை நிறுத்தி, இரவானால் உள்விளக்கைப் போட்டு, இரு கைகளையும் ஸ்டியரிங்கின் மேல்பகுதியில் வைக்க வேண்டும். ஆவணங்களைத் துப்பாக்கி இருக்கும் பக்கத்துப் பாக்கெட்டிலோ டேஷ்போர்டுப் பெட்டியிலோ வைக்கக் கூடாது. சன்வைசரில் செருகிவைப்பது நல்லது. "உரிமம்" என்ற சொல் முதலில் வர வேண்டும், "துப்பாக்கி" பின்னால். அது எங்கே இருக்கிறது என்பதை வாயால் சொல்ல வேண்டும், கையால் காட்டக் கூடாது. பிறகு "நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டுவிட்டு அசையாமல் இருக்க வேண்டும். காஸ்டீல் இவற்றில் பலவற்றைச் செய்தார். அதனால்தான் பாரத்தைக் குடிமகன் தலையில் மட்டும் ஏற்றுவது அநியாயம்.

காவலர் பாடத்தில் வேண்டியது இது. துப்பாக்கி இருக்கிறது என்ற சொல் காதில் விழுந்த நொடியில் முந்தைய கட்டளைகள் எல்லாம் ரத்து. அதை வாய்விட்டும் சொல்ல வேண்டும். "உரிமத்தை விடுங்கள், கைகள் ஸ்டியரிங்கில் இருக்கட்டும்." ஒரு நேரத்தில் ஒரு கட்டளை, ஒரே காவலரிடமிருந்து. இன்னொருவர் இடுப்பு உறையிலுள்ள துப்பாக்கியைக் காருக்குள் கைவிட்டு உருவுவது விபத்துக்கு வழி. உறையிலேயே இருக்க விடுவதுதான் பெரும்பாலும் பாதுகாப்பு. பயிற்சிக் காட்சிகளில் துப்பாக்கியோடு வருபவன் எப்போதும் குற்றவாளியாக இருந்தால், காவலரின் கை அதையே கற்றுக்கொள்ளும். உரிமம் பெற்ற கறுப்பர் அமைதியாகத் தகவல் சொல்லும் காட்சியும், அதில் சுடாமல் முடிப்பதற்கு மதிப்பெண்ணும் வேண்டும்.

சட்டத்திலும் குழப்பம். ஒஹையோவில் 2022 ஜூன் முதல் கேட்டால் சொன்னால் போதும். எல்லை தாண்டினால் மிச்சிகனில் உடனே சொல்லியாக வேண்டும். டொலீடோவிலிருந்து டெட்ராய்ட் ஒரு மணி நேரப் பயணம், அதற்குள் கடமை மாறிவிடுகிறது. இதற்கு ஒரு மாதிரிச் சட்டம் எழுதித் தாருங்கள். உரிமமே தேவையில்லை என்ற 29 மாநிலங்களில் இன்னொரு சிக்கல்: நீட்டுவதற்கு அட்டையே இல்லாதபோது, எதிரில் இருப்பவர் சட்டப்படி நடப்பவரா என்பதைக் காவலர் முகத்தை வைத்து முடிவு செய்கிறார். யார் முகம் தோற்கும் என்பது தெரிந்ததே. அந்தச் சட்டங்களுக்காக உழைத்த நீங்கள் இந்த விளைவுக்கும் பொறுப்பேற்க வேண்டும்.

கடைசியாக, நீதிமன்றம். 2017இல் நான்காம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், முறையாக நிறுத்தப்பட்டவரிடம் துப்பாக்கி இருந்தால் அது சட்டப்படியானதாக இருந்தாலும் அவரை ஆபத்தானவராகக் கருதி உடல் சோதனை செய்யலாம் என்றது. துப்பாக்கி ஏந்துவது உரிமை என்று ஒரு கை கொடுத்ததை இது மறுகையால் பறிக்கிறது. இதை எதிர்க்கும் அடுத்த வழக்கில் உங்கள் மனு இருக்கட்டும். ஃபோர்ட்சன்போல் ஒருவர் அடுத்து வீழும்போது, 48 மணி நேரத்துக்குள், அவர் பெயரோடு உங்கள் அறிக்கை வரட்டும்.

இப்படிக்கு,
துப்பாக்கிச் சட்டங்களைத் தொடர்ந்து கவனித்து வருபவர்கள்