வீட்டுக்கல்வி அறிவியல் கையேடுகளை வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். பிள்ளைகளுக்கு வீட்டிலேயே அறிவியல் கற்பிக்கும் பெற்றோரில் ஒருவராக இதை எழுதுகிறேன். கொல்லையில் பூச்சிகளைப் பிடித்து, புட்டியில் அடைத்துக் கொன்று, ஊசியில் குத்திப் பெயர்ச்சீட்டு ஒட்டும் பணியைச் சிறுவர் கையேடுகளிலிருந்து நீக்கி, உயிருள்ளவற்றைக் கவனித்துச் சோதிக்கும் பணிகளை அவ்விடத்தில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பூச்சிக்கு ஆறு கால், சிலந்திக்கு எட்டுக் கால் என்பதைப் படத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். படத்தில் கிடைக்காதது நடத்தை. எறும்புகள் சாரையாகச் செல்லும் வழியின் குறுக்கே ஒரு காகிதத் துண்டை வைத்தால், அவை முதலில் தயங்கினாலும், சற்று நேரத்தில் அதன்மேலும் தடம் அமைத்துக்கொள்ளும். பிறகு காகிதத்தைக் கால்வட்டம் திருப்பி வைத்தால், அதன் விளிம்புக்கு வரும் எறும்புகள் உணர்கொம்புகளை அசைத்தபடி அங்குமிங்கும் துழாவும். வாசனைத் தடம் திசைமாறியதால்தான் குழம்பினவா, காகிதத்தை அசைத்ததாலா என்று பிள்ளையே கேட்கும். கேட்காவிட்டால் நாம் கேட்கலாம். காகிதத்தைத் தூக்கி, திருப்பாமல் அப்படியே வைத்துப் பார்ப்பதுதான் அதற்கு விடை தேடும் வழி. ஒப்பீட்டுச் சோதனை என்ற பெயரை மனப்பாடம் செய்யும் முன்பே பிள்ளை அதைச் செய்து முடித்திருக்கும்.

சிலந்தியின் சக்கர வலையிலும் இத்தகைய வாய்ப்பு உண்டு. மெல்லிய துரும்பால் தொட்டால் சுருள் இழைகள் ஒட்டும். நடுவிலிருந்து விரியும் ஆர இழைகள் ஒட்டுவதில்லை. உலர்ந்த மணலில் கூம்புக் குழி பறித்து எறும்புக்காகக் காத்திருக்கும் குழியானை, கொன்று அட்டையில் ஒட்டினால் வெறும் தடித்த புழு. விட்டுவைத்தால் பின்னாளில் தட்டான் போன்ற சிறகுகளுடன் வெளிவரும்.

ஆய்வகம் இல்லாமல் இவையெல்லாம் அறிவியலாகுமா என்று தயங்க வேண்டாம். உயர்நிலைப் பள்ளி ஆசிரியராக இருந்த சார்லஸ் ஹென்றி டர்னர், வண்ண அட்டைகளையும் தேனையும் கொண்டு பூங்காவில் நடத்திய சோதனைகளிலிருந்துதான், தேனீக்கள் நிறம் அறிகின்றன என்பதற்கான சான்றுகளை 1910-இல் வெளியிட்டார்.

அருங்காட்சியகச் சேகரிப்புகள் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதவை என்பதை மறுக்கவில்லை. அவற்றில் ஒவ்வொரு மாதிரியும் பிடிபட்ட இடம், நாள் ஆகியவற்றுடன் பேணப்படுகிறது. பிள்ளையின் அட்டைப்பெட்டியிலோ அதையே வேறு பூச்சிகள் அரித்துவிடும்.

கையேட்டில் பாதுகாப்புக்கு ஒரு முழுப்பக்கம் ஒதுக்குங்கள். கம்பளிப்பூச்சி, குளவி, பூரான் ஆகியவற்றைத் தொடக் கூடாது. கல்லைப் பெரியவர்களே புரட்ட வேண்டும். அடியிலிருந்து எது வெளிவந்தாலும் நம் பக்கம் வராதபடி, அதன் மறுவிளிம்பைப் பிடித்து நம்மை நோக்கித் தூக்க வேண்டும். பார்த்து முடித்ததும் கல்லை இருந்தபடியே வைக்க வேண்டும். பணித்தாளில் இப்போது முதலில் நிற்கும் ‘பூச்சியின் பெயர்’ என்ற கட்டத்தைக் கடைசிக்கு நகர்த்தி, ‘அது என்ன செய்தது?’ என்ற கேள்விக்குப் பாதிப் பக்கமாவது விடுங்கள்.

இப்படிக்கு,
வீட்டில் கற்பிக்கும் ஒரு பெற்றோர்