முதல் கப்பல் பயணம்: மதிப்பீட்டில் ஒரு தொகை, பில்லில் வேறு தொகை

அனுப்புநர்
முன்பதிவு செய்த வாடிக்கையாளர் (பெரியவர் இருவர், பிள்ளைகள் இருவர்),
கிருஷ்ணகிரி.

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு,
பயண ஏஜென்சி தலைமை அலுவலகம், பெங்களூரு.
நகல்: கிளை மேலாளர், கிருஷ்ணகிரி.

நாள்: 19.01.2026

பொருள்: சிங்கப்பூர் – பினாங்கு – புக்கெட் – சிங்கப்பூர், 4 இரவு கப்பல் பயணம், மதிப்பீட்டில் சொல்லாத தொகைகளை வசூலித்தது, பணம் திருப்பித் தருவது, எங்களிடம் பிடித்த வரிக்கான 27டி சான்றிதழ் தருவது தொடர்பாக.

ஐயா,

2025 ஆகஸ்டில் உங்கள் கிருஷ்ணகிரி கிளை எங்களுக்குக் கொடுத்த மதிப்பீட்டுத் தாளில் ஒரே ஒரு தொகைதான் இருக்கிறது: நான்கு பேருக்கு ரூ.1,99,996. அதன் கீழே "எல்லாம் அடங்கியது, விமானம் நீங்கலாக" என்று நீல மையில் எழுதி, "எல்லாம்" என்ற சொல்லுக்கு அடியில் இரண்டு கோடு இழுத்திருக்கிறார் உங்கள் ஊழியர். பயணம் முடிந்து கணக்குக் கூட்டிப் பார்த்தால், உங்களிடமும் கப்பலிலும் சேர்த்து நாங்கள் கட்டியது ரூ.3,51,801. விமானக் கட்டணம் இதில் இல்லை. அது தனி என்று முதலிலேயே சொன்னீர்கள், அதைப் பற்றிப் பேச்சில்லை. கூடுதலாகப் போன ரூ.1,51,805 எங்கெங்கே போனது, அதில் எது நியாயம், எது நியாயமில்லை என்பதைத்தான் கீழே எழுதுகிறேன்.

முதலில் துறைமுகக் கட்டணமும் வரியும். ஆளுக்கு ரூ.11,500 வீதம் ரூ.46,000. இது கப்பல் நிற்கும் ஒவ்வொரு துறைமுகத்துக்கும் பயணிகள் தலைக்கு இவ்வளவு என்று கட்டுவது. எந்தக் கப்பலில் போனாலும் உண்டு. முன்பதிவு செய்யும் அன்றே இந்தத் தொகை உங்கள் கணினித் திரையில் தெரியும். ஆனால் எங்களுக்குத் தெரிந்தது செப்டம்பரில், மீதிப் பணம் கட்டச் சொல்லி நீங்கள் அனுப்பிய பில்லில். அதற்குள் முன்பணம் ரூ.50,000 உங்களிடம் போய்விட்டது. ரத்து செய்தால் அது திரும்பாது என்று ரசீதின் பின்பக்கம் அச்சடித்திருக்கிறீர்கள். வேண்டாம் என்று சொல்லும் வழியை அடைத்துவிட்டுப் பிறகு விலையை ஏற்றியது இங்கேதான்.

இரண்டாவது, அறைக் கட்டணம். கப்பலில் "ஒருவருக்கு இவ்வளவு" என்று போடும் விலை, ஓர் அறையில் இருவர் தங்கும் கணக்கில் போடுவது. அதே அறையில் சுவரிலிருந்து மடக்கி இறக்கும் மேல்படுக்கையில் படுக்கும் மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் கட்டணம் பொதுவாகக் குறைவு. எங்கள் நால்வருக்கும் ஜன்னல் இல்லாத ஒரே உள்ளறைதான். இருந்தும் நால்வருக்கும் ரூ.49,999 என்றே பெருக்கியிருக்கிறீர்கள். கப்பல் நிறுவனம் உங்களுக்கு அனுப்பிய பில்லில் ஆள்வாரியாகத் தொகை பிரித்திருக்கும். அதன் நகலை மூன்று முறை கேட்டும் தரவில்லை.

மூன்றாவது, வைஃபை. இரண்டு போனுக்கு 4 நாள் என்று ரூ.14,400. இதை நாங்கள் கேட்கவே இல்லை. கடைசி பில்லில் ஏற்கெனவே சேர்த்திருந்தது. எடுத்துவிடுங்கள் என்று மறுநாளே வாட்ஸ்அப்பில் எழுதினோம். "சிஸ்டத்தில் ஏறிவிட்டது, முடியாது" என்று பதில் வந்தது. முன்கூட்டி வாங்கிய இதுபோன்ற பாக்கேஜைக் கப்பல் புறப்படும் முன் ரத்து செய்ய பெரும்பாலான கப்பல்களில் வழி இருக்கிறது. நாங்கள் எழுதியபோது புறப்பட மூன்று மாதம் இருந்தது.

நான்காவது, விசாவும் வருகை அட்டையும். சிங்கப்பூர் விசாவுக்கு அந்நாட்டு அரசு வாங்கும் விண்ணப்பக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர். நீங்கள் வாங்கியது ஆளுக்கு ரூ.4,500, நால்வருக்கு ரூ.18,000. சேவைக் கட்டணம் வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அரசுக் கட்டணம் எவ்வளவு, உங்கள் கூலி எவ்வளவு என்று பிரித்துக் காட்ட வேண்டும். வருகை அட்டை விஷயம் இதைவிட மோசம். சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்று நாடுகளும் தங்கள் அரசு இணையதளத்தில் இந்த அட்டையை இலவசமாகவே நிரப்ப விடுகின்றன. பாஸ்போர்ட் எண், பயண நாள், தங்கும் இடம் கொடுத்தால் ஆளுக்குச் சில நிமிட வேலை. அதற்கு ஆளுக்கு நாட்டுக்கு ரூ.500 என்று ரூ.6,000 வாங்கி, பில்லில் "அரசுக் கட்டணம்" என்று எழுதியிருக்கிறீர்கள். உழைப்புக்குக் கூலி என்று எழுதியிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். இல்லாத அரசுக் கட்டணத்தை இருப்பதாக எழுதியது பொய்க் கணக்கு.

ஐந்தாவது, புக்கெட் சுற்றுலா. ஆளுக்கு ரூ.3,800 வீதம் ரூ.15,200. நீங்கள் கொடுத்த வவுச்சரில் "காலை 9.00, ஆவ் மக்காம் துறைமுக வாயில்" என்று இருக்கிறது. ஆவ் மக்காம் தீவின் தென்கிழக்குக் கரை. எங்கள் கப்பலோ மேற்குக் கரையில் பாத்தோங் கடற்கரைக்கு எதிரே நடுக்கடலில் நங்கூரம் போட்டது. பெரிய கப்பல்கள் அங்கே நின்று, சிறு படகுகளில் ஆட்களைக் கரைக்கு இறக்குவது வழக்கமான ஏற்பாடு. எண் போட்ட சீட்டு வாங்கி, முறை வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். கப்பலின் சொந்தச் சுற்றுலாவில் போகிறவர்களுக்கே முதல் படகுகள். கரையில் கால் வைத்தபோது மணி 10.20. வேன் ஓட்டுநர் தீவின் மறுகரையில் காத்திருந்துவிட்டு 9.45-க்கே போய்விட்டார். "பயணி வரவில்லை" என்று எழுதிப் பணம் தர மறுக்கிறீர்கள். கப்பல் எங்கே நிற்கும், கரையோடு கட்டி நிற்குமா, படகில் இறங்க வேண்டுமா என்பது அந்தப் பயண அட்டவணையிலேயே இருக்கிறது. வெளியாள் நடத்தும் சுற்றுலா தாமதமானால் கப்பல் நமக்காகக் காத்திருக்காது என்பதையும் விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

பினாங்கிலும் நகரச் சுற்றுலா எடுக்கச் சொல்லி உங்கள் ஊழியர் நான்கு முறை போன் செய்தார். அங்கே கப்பல் ஸ்வெட்டன்ஹாம் துறையில் கரையோடு கட்டி நிற்கிறது. ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவும் மகாமாரியம்மன் கோயிலும் நடந்து போகும் தூரம்தான். முதல்முறை போகிறவர்களிடம் இதைச் சொல்லி அந்தச் செலவை மிச்சப்படுத்துவதுதான் நல்ல ஏஜென்ட் செய்யும் வேலை.

அடுத்து டிப்ஸ். "இஷ்டம் இருந்தால் கொடுக்கலாம்" என்றார் உங்கள் ஊழியர். பெரிய கப்பல்கள் பலவற்றில் அது அப்படி இல்லை. ஒவ்வொரு பயணியின் கப்பல் கணக்கிலும் நாள்தோறும் தானாகவே ஏறும், பிள்ளைகளுக்கும் உண்டு. எங்களுக்கு ஆளுக்கு நாளைக்கு 18 அமெரிக்க டாலர்: 18 × 4 பேர் × 4 நாள் = 288 டாலர். டாலர் ரூ.90 என்று வைத்தால் ரூ.25,920. இத்தோடு நிற்பதில்லை. எங்கள் கார்டுக்கு வெளிநாட்டுப் பரிமாற்றக் கட்டணம் 3.5%, அதன் மேல் 18% ஜிஎஸ்டி, ஆக 4.13%. கடைசியில் பிடித்தது ரூ.26,990. அறையைச் சுத்தம் செய்தவரும் மேஜையில் பரிமாறியவரும் உழைத்து வாங்கிய பணம் அது. அதில் ஒரு ரூபாய்கூடத் திரும்பக் கேட்கவில்லை. மதிப்பீட்டில் அந்த ஒரு வரி ஏன் இல்லை என்றுதான் கேட்கிறோம். முன்பதிவின்போதே இதைச் சேர்த்துக் கட்டவும் வழி உண்டு. அப்படிச் செய்திருந்தால் கடைசி நாள் காலையில் இந்தத் தொகை புதிதாக வந்து நிற்காது.

அதே ஊழியர் கப்பல் செலவுக்கு சிங்கப்பூர் டாலர் மாற்றிக்கொள்ளவும் சொன்னார். நாங்கள் போன கப்பலில் கணக்கு அமெரிக்க டாலரில். கடை, காபி, எதற்கும் ரொக்கம் வாங்குவதில்லை. ஏறும்போது கார்டைப் பதிவு செய்ய வேண்டும். டெபிட் கார்டு கொடுத்தால் கப்பல் ஒரு தொகையை முடக்கி வைக்கும். அது நம் சேமிப்புக் கணக்கில் இருக்கும் நிஜப் பணம். விடுபட ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். 2020 அக்டோபரிலிருந்து புதிதாகக் கொடுக்கும் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடியே வரும். வங்கிச் செயலியில் நாமே திறந்துவிட வேண்டும். சேவை மேசையில் ரொக்க டாலரை முன்வைப்பாகக் கட்டும் முறையும் உண்டு. கப்பல் மருத்துவமனையில் பார்த்தால் கட்டணம் டாலரில், தனியாக. அதனால் பயணக் காப்பீடு அவசியம். இவை எதையும் உங்கள் கிளை சொல்லவில்லை. சாப்பாட்டில் மட்டும் குறையில்லை. பொது உணவகமும் பஃபேயும் கட்டணத்தில் அடக்கம், சைவமும் நன்றாகவே கிடைத்தது.

வரிகளுக்கு வருகிறேன். ஜிஎஸ்டி 5% என்று ரூ.12,300. டிசிஎஸ் (விற்பவர் முன்கூட்டிப் பிடித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) 5% என்று ரூ.12,915. வெளிநாட்டுச் சுற்றுலா பாக்கேஜுக்கு 2025-26 நிதியாண்டில் ரூ.10 லட்சம் வரை 5% டிசிஎஸ் பிடிப்பது சட்டம்; பிடித்ததில் தவறில்லை. ஆனால் அது வருமான வரிக் கணக்கில் நாங்கள் திரும்பப் பெற வேண்டிய பணம். ஆகஸ்ட், செப்டம்பரில் வாங்கிய தொகைக்கான டிசிஎஸ் கணக்கை, அதாவது 27இக்யூ படிவத்தை, அக்டோபர் 15-க்குள் தாக்கல் செய்து, அதிலிருந்து 15 நாளில் 27டி சான்றிதழ் தந்திருக்க வேண்டும். இன்றுவரை சான்றிதழும் வரவில்லை, வருமான வரித் துறையின் 26ஏஎஸ் வரிக் கணக்கில் தொகையும் ஏறவில்லை. பான் எண்ணை முன்பணம் கட்டிய அன்றே கொடுத்தோம். ரசீதிலேயே அது அச்சாகியிருக்கிறது.

இந்தப் பக்கத்தில் இப்படி ஒரு பயணத்துக்கு யாரும் ஒரே நாளில் பணம் எடுத்து வைப்பதில்லை. சீட்டு எடுத்து, மாந்தோப்புக் குத்தகைப் பணம் வந்து, நீங்கள் தாளில் எழுதிய தொகையை நம்பித்தான் வருகிறார்கள். இரண்டு லட்சம் என்று எண்ணி வந்த குடும்பம் மீதி ஒன்றரை லட்சத்துக்கு நகையைத்தான் அடகு வைக்கும். மொத்தத் தொகை மூன்றரை லட்சம் என்று முதல் நாளே சொல்லியிருந்தால், போவதா, அடுத்த ஆண்டுக்குத் தள்ளுவதா என்று குடும்பமாக உட்கார்ந்து முடிவு செய்திருக்கலாம்.

ஆகவே நாங்கள் கேட்பது: துறைமுகக் கட்டணம் ரூ.46,000, அதன் மேல் போட்ட ஜிஎஸ்டி ரூ.2,300, வைஃபை ரூ.14,400, வருகை அட்டை ரூ.6,000, புக்கெட் சுற்றுலா ரூ.15,200, ஆக ரூ.83,900 திரும்ப வேண்டும். விசாக் கட்டணத்தைப் பிரித்துக் காட்டி, கூடுதலாக வாங்கியதைத் தர வேண்டும். கப்பல் நிறுவன பில்லின் நகலும் 27டி சான்றிதழும் வேண்டும். கிருஷ்ணகிரி, தருமபுரி கிளைகளில் கொடுக்கும் மதிப்பீட்டுத் தாளை மாற்றுங்கள். அறைக் கட்டணம் ஆள்வாரியாக, துறைமுகக் கட்டணம், ஜிஎஸ்டி, டிசிஎஸ், டிப்ஸ், விசா, காப்பீடு, கடைசியில் மொத்தம் என்று முன்பணம் வாங்கும் முன்பே எழுதிக் கொடுங்கள். அரைப் பக்கத்துக்கு மேல் ஆகாது.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2023 வழிகாட்டுதல்கள், விலையைத் துண்டு துண்டாக வெளியிடுவதையும், கேட்காத பொருளை பில்லில் சேர்ப்பதையும் தடை செய்த ஏமாற்று முறைகளின் பட்டியலில் வைத்திருக்கின்றன. உங்கள் ரசீதில் "வழக்குகள் பெங்களூரு நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டவை" என்று இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 34-ன்படி வாடிக்கையாளர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம்; கொடுத்த தொகை ரூ.5 லட்சத்துக்குள் இருந்தால் ஆணையத்துக்குக் கட்டணமும் கிடையாது. இந்தக் கடிதம் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், எங்கள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்போம்.

மதிப்பீட்டுத் தாள், இரண்டு பில்கள், முன்பண ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், புக்கெட் வவுச்சர், கப்பல் கணக்குச் சீட்டு ஆகியவற்றின் நகல்களை இணைத்திருக்கிறேன். மூலத் தாள்கள் எங்களிடம் இருக்கின்றன.

இப்படிக்கு,
முன்பதிவு செய்த வாடிக்கையாளர்,
கிருஷ்ணகிரி.