ரான்டனன் ட்ரேட்: நாளை பி.ப. 3 மணிக் கெடு

வணக்கம் உறவுகளே. நாளை வெள்ளி, மார்ச் 7, 2025, ரொறன்ரோ நேரம் பி.ப. 3 மணிக்கு என்எச்எல் (வட அமெரிக்க ஐஸ் ஹொக்கி லீக்) அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்ளும் ட்ரேட் கெடு முடிகிறது. கரோலைனா அணி வீரர் மிக்கோ ரான்டனன் பற்றி வதந்திகள் குவிவதால் தயவுசெய்து கவனியுங்கள்:

1. அணியோ லீக்கோ அறிவிக்காததை இங்கே போட வேண்டாம். போலிக் கணக்குப் பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கும், பார்த்துவிட்டுப் பகிருங்கள்.

2. ட்ரேட் 3 மணிக்குள் லீக்கில் பதிந்தால் போதும். லீக் அவற்றை வரிசையாக உறுதிசெய்வதால் செய்தி தாமதமாகவும் வரும். அவசரப்பட்டு "ட்ரேட் இல்லை" என்று எழுதாதீர்கள்.

3. சம்பளம் தடையில்லை. அவரது 9.25 மில்லியன் டொலர் சம்பளத்தில் பாதியை, ஜனவரியில் அவர் கரோலைனாவுக்கு வந்த ட்ரேடிலேயே சிகாகோ அணி ஏற்றுவிட்டது. வாங்கும் அணியின் சம்பள உச்சவரம்பில் ஏறுவது 4.625 மில்லியன்தான். உண்மையான சிக்கல், கோடையில் ஒப்பந்தம் முடிவது. நீட்டிக்காவிட்டால் கரோலைனா அவரைச் சும்மா இழக்கும்.

4. உங்கள் கணிப்பு இன்றிரவு 9 மணிக்குள், ஒரே செய்தியில்.

வாசித்தவர்கள் "சரி" என்று பதிலிடுங்கள்.