பணம் கட்டும் முன் படித்துப் பாருங்கள்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர், வணக்கம்.

முதலீடு செய்வோருக்கு வதிவிட உரிமை (அந்த நாட்டில் தங்கி வாழும் அனுமதி) தரும் 'கோல்டன் விசா' திட்டத்தை ஸ்பெயின் 2025 ஏப்ரல் 3ஆம் நாள் முடித்துக்கொண்டது. அதே மாத இறுதியில், மால்டாவின் முதலீட்டுக் குடியுரிமைத் திட்டம் ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்துக்கு முரணானது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகு எங்களிடம் வருவோரில் பலரும் முதலில் கேட்பது, "பணம் போட்டால் குடியுரிமை உறுதிதானே?" என்பதுதான். உறுதி இல்லை. விண்ணப்பத்தை ஒழுங்காகத் தயாரிப்பது எங்கள் பொறுப்பு. முடிவு அந்தந்த அரசின் கையில் இருக்கிறது. 'உத்தரவாதம்' என்ற சொல்லை எங்கள் ஒப்பந்தத்தில் நாங்கள் எழுதாததன் காரணம் இதுவே.

வதிவிட உரிமையையும் குடியுரிமையையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதிலிருந்தே பெரும்பாலான ஏமாற்றங்கள் தொடங்குகின்றன. கிரீஸில் சொத்து வாங்குவோருக்குக் கிடைப்பது வதிவிட அனுமதி மட்டுமே. 2024 முதல் ஏதென்ஸ், தெசலோனிகி போன்ற பகுதிகளில் அதற்கு 8,00,000 யூரோ முதலீடு தேவைப்படுகிறது. அங்கே தங்காமலேயே அந்த அனுமதியைப் புதுப்பித்துக்கொள்ளலாம் என்பது உண்மை. ஆனால் குடியுரிமை வேண்டுமென்றால் பொதுவாக ஏழு ஆண்டுகள் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும், கிரேக்க மொழித் தேர்விலும் தேற வேண்டும். வீட்டை வாங்கிப் பூட்டிவிட்டு வந்தவருக்கு அந்த ஆண்டுகள் கணக்கில் சேர்வதில்லை.

முதலீட்டுக்கு நேரடியாகக் குடியுரிமையே தரும் நாடுகளும் உண்டு. கரீபிய நாடான செயின்ட் கிட்ஸ் நெவிஸ் 1984 முதல் தந்துவருகிறது. விசா இல்லாமல் பயணம் செய்யலாம் என்பதற்காகவே பலரும் இவ்வகைக் கடவுச்சீட்டை நாடுகிறார்கள், ஆனால் அந்தச் சலுகையைத் தருவது வேறு நாடுகள் என்பதால் அவை எப்போது வேண்டுமானாலும் அதைத் திரும்பப் பெறலாம். இவ்வாறு குடியுரிமை தரும் டொமினிகா, வனுவாட்டு ஆகிய நாடுகளின் குடிமக்களுக்கு இருந்த விசா விலக்கை பிரிட்டன் 2023 ஜூலையில் நீக்கியது.

முதலீட்டாளர்களுக்குக் கிரீன் கார்டு (நிரந்தர வதிவிட அட்டை) தரும் அமெரிக்காவின் இபி-5 திட்டம் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. வேலையின்மை மிகுந்த பகுதி அல்லது கிராமப்புறம் என்றால் 8,00,000 டாலர், பிற இடங்களில் 10,50,000 டாலர் முதலிட்டு, குறைந்தது பத்துப் பேருக்கு முழுநேர வேலை உருவாக்க வேண்டும். அந்தப் பணம் நட்டத்துக்கும் உட்பட்ட முதலீடாக இருக்க வேண்டும் என்பது விதி. "அசல் எப்படியும் திரும்பி வரும்" என்று யாராவது எழுதிக் கொடுத்தால், அந்தக் காகிதமே உங்கள் விண்ணப்பத்தைக் கெடுத்துவிடும். அப்படிப்பட்ட உறுதிமொழியோடு வரும் தரகரை விட்டு விலகிவிடுங்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறோம். வாழ்நாள் சேமிப்பை இழந்து நின்றவர்கள் எங்கள் எதிரில் உட்கார்ந்து அழுததைப் பார்த்திருக்கிறோம்.

திருமணம் செய்துகொண்ட உடனே குடியுரிமை வந்துவிடாது. அமெரிக்கக் குடிமகனையோ குடிமகளையோ மணந்து, இரண்டு ஆண்டுகள் நிறைவதற்குள் கிரீன் கார்டு பெற்றால், அது இரண்டு ஆண்டுகளுக்கான நிபந்தனை அட்டையாகவே வரும். அது காலாவதியாவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள் இருவரும் சேர்ந்து விண்ணப்பித்து நிபந்தனையை நீக்க வேண்டும். இதற்கிடையில் மணமுறிவு நேர்ந்தாலோ, வீட்டில் கொடுமை நடந்தாலோ, எல்லாம் போயிற்று என்று அஞ்சி அடங்கியிருக்க வேண்டாம். திருமணம் உண்மையானதென்று காட்ட முடிந்தால் தனியாகவே விண்ணப்பிக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. காகிதத்துக்காக மட்டும் செய்யும் திருமணங்களை நாங்கள் தொடுவதில்லை. அமெரிக்காவில் அதற்கு ஐந்து ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு.

நீண்ட காலம் வாழ்ந்து குடியுரிமை பெறுவது மெதுவான வழி என்றாலும், எங்கள் பார்வையில் அதுவே மிக உறுதியான வழி. அங்கே எல்லாமே நாள் கணக்கு. கனடாவில் விண்ணப்பத்துக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் 1,095 நாட்கள் நாட்டுக்குள் இருந்திருக்க வேண்டும். நிரந்தர வதிவிடம் பெறுவதற்கு முன் மாணவராகவோ பணியாளராகவோ அங்கே கழித்த ஒவ்வொரு நாளும் அரை நாளாக, 365 நாட்கள் வரை சேரும். முன்பொரு முறை நாங்களே ஒரு குடும்பத்துக்குக் கணக்கிட்டபோது, கடவுச்சீட்டில் மங்கிப்போன ஒரு முத்திரைத் தேதியில் 1 என்பதை 7 என்று படித்துவிட்டோம். தேவையான 1,095 நாட்களை அவர்கள் தாண்டியிருந்தது ஒரே ஒரு நாள் கூடுதலில்தான் என்று தெரிந்தபோது எங்களுக்குத் தூக்கம் போயிற்று. அன்றிலிருந்து ஒவ்வொரு பயணத்தையும் இருவர் தனித்தனியாக எண்ணி ஒப்பிடுகிறோம், சில வாரங்கள் கூடுதலாகச் சேரும் வரை விண்ணப்பத்தை அனுப்புவதில்லை.

புதிய குடியுரிமையை ஏற்றால் பழையது என்னவாகும் என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள். இந்தியா, சிங்கப்பூர், ஜப்பான் போன்றவை இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. நிரந்தர வதிவிட உரிமையோடு நின்றுகொள்வதே நல்லது என்று சிலருக்கு நாங்கள் சொல்லி, அதனால் எங்களுக்கு வரவேண்டிய கட்டணத்தை இழந்ததும் உண்டு.

இனி எந்தக் கட்டணமும் வாங்குவதற்கு முன், உங்கள் வழியில் கிடைக்கப்போவது வதிவிடமா குடியுரிமையா, எத்தனை நாட்கள் அங்கே வாழ வேண்டும், திட்டம் இடையில் மூடப்பட்டால் என்ன ஆகும் என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் தருவோம். முதல் சந்திப்புக்கு வரும்போது, காலாவதியானவை உட்பட உங்களிடம் உள்ள எல்லாக் கடவுச்சீட்டுகளையும் தயவுசெய்து எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் குடியேற்ற ஆலோசனை நிறுவனத்தார்