குழந்தையின் கோட் எண்ணுக்குப் பொருளையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பிரசவப் பேக்கேஜ் என்று மருத்துவமனைகள் சொல்வது பெரும்பாலும் தாயின் கணக்கைத்தான். குழந்தைக்குத் தனி பில் உண்டு என்பது பலருக்குக் கவுண்டரில் நிற்கும்போதுதான் தெரிகிறது. அது கிடக்கட்டும். நான் எழுத வந்தது அந்தப் பில்லோடு வரும், நோயைக் குறிக்கும் கோட் எண்ணைப் பற்றி.

அண்மையில் என் பேத்தி பினாங்கில் ஒரு தனியார் மருத்துவமனையில் பிறந்தாள். 39 வாரம், 3.1 கிலோ. மூன்றாம் நாள் உடம்பு மஞ்சளாகி, நீல விளக்கின் கீழ் வைத்தார்கள். விளக்குக் கட்டணம், பிலிருபின் பரிசோதனை, கண்ணைக் கட்டும் துணி வரை பில்லில் வரிவரியாக இருந்தது. அதில் குறை சொல்ல மாட்டேன். காப்புறுதிப் படிவத்தில் மட்டும் பி59.0 என்று போட்டிருந்தார்கள். அரசாங்க மருத்துவமனைப் பதிவுப் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். பார்த்ததும் திக்கென்றது. நோய்களுக்குக் கோட் எண் கொடுக்கும் உலகப் பட்டியலான ஐசிடி-10-இல் அது குறைமாதப் பிரசவத்தை ஒட்டி வரும் காமாலை. காரணம் குறிப்பிடாத காமாலைக்கு பி59.9. நிறைமாதப் பிள்ளை காகிதத்தில் குறைமாதமாகிவிட்டாள்! பின்னால் அவளுக்கு மருத்துவக் காப்புறுதி அட்டை எடுக்கப் போனால், இது பற்றிக் கேள்வி வராமலா இருக்கும்?

"ஆண்ட்டி, காமாலை என்று தட்டினால் சிஸ்டத்தில் முதலில் இதுதான் வரும்" என்றார் கவுண்டர் பெண். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. டிஸ்சார்ஜ் குறிப்பில் டாக்டர் வெறுமனே காமாலை என்று எழுதிவிட்டுப் போனால் அவர் என்ன செய்வார்? அப்புறம் டாக்டரிடம் கையெழுத்து வாங்கித் திருத்திக் கொடுத்தார்கள். நான் இல்லாமல் மகன் மட்டும் போயிருந்தால் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருப்பான்.

தனியார் மருத்துவமனைகளுக்கும் டிஆர்ஜி முறையை, அதாவது ஒரே மாதிரி நோயாளிகளை ஒரு பிரிவாக்கி அந்தப் பிரிவுக்கென்று கட்டணம் வைக்கும் முறையை, கொண்டுவரப் போவதாக அரசாங்கம் சொல்கிறது. அந்த முறையில் கட்டணப் பிரிவை முடிவு செய்வதில் நோயின் கோட்டுக்கு முக்கியப் பங்கு உண்டு. பச்சிளங்குழந்தைக்குப் பிறப்பு எடையும் சேர்ந்துகொள்ளும். தனியார் மருத்துவமனைகளுக்கான 2006 விதிமுறைகளின் 13-ஆவது அட்டவணை டாக்டர் கட்டணத்துக்குத்தான் வரம்பு வைக்கிறது, இந்த மாதிரிக் கோளாறுக்கு அது உதவாது.

ஆகவே சுகாதார அமைச்சுக்கு என் வேண்டுகோள்: பெற்றோர் கையெழுத்திடும் நகலில் ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் அதன் பொருளை மலாயிலாவது அச்சிடச் சொல்லுங்கள். எத்தனை வாரத்தில் பிறந்தது என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.

ஒரு பாட்டி,
ஜெலுத்தோங், பினாங்கு