ஃபிரிட்ஜ் கதவில் இன்னும் சில வரிகள் வேண்டும்

இந்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறைச் செயலர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஒரு குடும்பம் குளிர்சாதனப் பெட்டி வாங்கக் கடைக்குப் போகிறது. ஆண்டுக்கு எத்தனை யூனிட் மின்சாரம் செலவாகும் என்பதைக் கதவில் ஒட்டியிருக்கும் நட்சத்திர முத்திரை சொல்லிவிடுகிறது. எத்தனை லிட்டர் என்பதும் அதிலேயே இருக்கிறது. பழுதானால் அந்தப் பெட்டியைச் சரிசெய்ய முடியுமா, உதிரி பாகங்கள் எத்தனை ஆண்டு வரை கிடைக்கும், எதற்கெல்லாம் உத்தரவாதம் இல்லை என்பது மட்டும் அந்தக் கதவில் எங்கும் இல்லை. நம்பி வாங்கலாமா என்று தீர்மானிக்க இந்த விவரங்கள்தாம் வேண்டும். இவற்றை அச்சில் வரவழைக்கும் அதிகாரம் உங்கள் துறையின் கையில் இருப்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் தூத்துக்குடியில் வசிப்பவன். தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் குளிர்பதனப் பிரிவு மாணவர்களுக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றேன். என்னிடம் படித்த பிள்ளைகள் பலர் இன்று மெக்கானிக்குகளாக இருக்கிறார்கள். அதனால் உறவிலும் தெருவிலும் யார் ஃபிரிட்ஜ் வாங்கக் கிளம்பினாலும், "அண்ணாச்சி, எந்தக் கம்பெனி நல்லது?" என்று என்னிடம் வந்துவிடுகிறார்கள். ஆடித் தள்ளுபடி தொடங்கினால் போதும், தொலைபேசி ஓயாது.

தெரிந்ததைச் சொல்லி அனுப்புகிறேன். இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீடு, மின்னழுத்தம் அடிக்கடி ஏறி இறங்கும் தெரு என்றால் ஒற்றைக் கதவு போட்ட சாதாரண வகையே போதும். விசிறி, பனி உருக்கும் ஹீட்டர், அதற்கான சென்சார் என்று கெட்டுப்போகக்கூடிய பாகங்கள் அதில் குறைவு. வாரத்துக்கு ஒருமுறை மீனும் காய்கறியும் வாங்கி அடுக்கும் ஐந்து பேர் குடும்பத்துக்கு அது தாங்காது; பனி படியாத இரட்டைக் கதவுதான் சரி. லிட்டர் கணக்கை மட்டும் நம்பிப் போகாதீர்கள், வீட்டில் மாவு வைக்கும் பாத்திரத்தின் உயரத்தை ஒரு நூலில் அளந்து எடுத்துப்போய்த் தட்டுகளுக்கு நடுவே பிடித்துப் பாருங்கள் என்பேன். பெரிய பெட்டியாக வாங்கிவிட்டு, மாவுச் சட்டி நுழையவில்லை என்று கண்ணாடித் தட்டைக் கழற்றிப் பரணில் போட்ட வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். கதவு ரப்பருக்கு இடையில் ஒரு தாளைச் செருகி இழுத்தால் பிடிப்பு தெரிந்துவிடும். பெட்டியின் விவரத் தகட்டில் வெப்பமண்டல வகை என்று குறித்திருந்தால், சுற்றுப்புறம் 43 டிகிரி வரை போனாலும் வேலை செய்யும்படி வடிவமைத்தது என்று பொருள். 38 டிகிரியோடு நின்றுவிடும் வகையும் உண்டு. அக்கினி நட்சத்திரத்தில் நம் அடுப்படிக்கு அது பற்றாது.

இதற்குமேல் கேட்டால் என்னிடமும் பதில் இல்லை. எங்கள் ஊர்க் காற்றில் உப்பு இருக்கிறது. உள்ளே குளிர்விக்கும் கேஸ் ஓடும் குழாய் செம்பா, அலுமினியமா, இரும்பா, அதன்மேல் பூச்சு உண்டா என்பதைத் தெரிந்துகொள்ளாமல் கடலோரத்தில் ஒருவர் ஃபிரிட்ஜ் வாங்கக் கூடாது. கடையில் கேட்டால் "எல்லாம் நல்ல மெட்டீரியல்தான் சார்" என்கிறார் விற்பனையாளர். அவரைக் குறை சொல்லமாட்டேன். அவருக்குக் கொடுத்த விளம்பரத் தாளில் வண்ணங்களின் பெயர் இருக்கிறது, குழாயின் உலோகம் இல்லை.

எரிசக்தித் திறன் பணியகம் 2006-இல் தொடங்கிய நட்சத்திர முத்திரைத் திட்டத்தின் மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. மின்செலவை விற்பனையாளரின் வாயிலிருந்து பிடுங்கி அச்சில் ஏற்றியது அதுதான். பனி படியாத வகைகளுக்கு 2010-இல் அது கட்டாயமானது. அளவுகோலையும் அவ்வப்போது இறுக்குகிறார்கள். நேற்றைய ஐந்து நட்சத்திரம் இன்றைய நான்காகவோ மூன்றாகவோ இறங்கிவிடுகிறது. எனவே நட்சத்திரத்தை எண்ணுவதோடு நிறுத்தாமல், முத்திரையில் போட்டிருக்கும் யூனிட்டையும் அது செல்லுபடியாகும் காலத்தையும் படிக்கச் சொல்கிறேன்.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பெட்டி ஆண்டுக்கு 230 யூனிட், இன்னொன்று 180 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 50 யூனிட். யூனிட்டுக்கு 6 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 300 ரூபாய். சிக்கனமான பெட்டியின் விலை 4,000 ரூபாய் கூடுதல் என்றால், அந்தக் காசு திரும்பி வரப் பதின்மூன்று ஆண்டுக்கு மேல் ஆகும். ஏழாம் ஆண்டிலேயே அது பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டால் கொடுத்த கூடுதல் விலையில் ஏறத்தாழ பாதி நட்டம். புதிதாக ஒரு பெட்டியைச் செய்ய ஆகும் இரும்பும் பிளாஸ்டிக்கும் மின்சாரமும் இந்தக் கணக்கில் சேரவே இல்லை. பெட்டி நீண்டநாள் உழைத்தால்தான் நட்சத்திரத்துக்குப் பொருள் இருக்கிறது. அப்படியிருக்க, ஒன்றை அச்சிட்டுவிட்டு மற்றொன்றை மறைத்துவைப்பது எப்படி நியாயமாகும்?

என் தங்கை வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஒருநாள் காலையில் பெட்டி குளிரவில்லை. என் பழைய மாணவர் ஒருவர் வந்து பெட்டியைச் சுவரிலிருந்து நகர்த்திப் பின்தகட்டைக் கழற்றினார். கம்ப்ரஸரின் மூன்று முனைகளிலும் மாற்றி மாற்றி மீட்டரை வைத்தார். எல்லாவற்றிலும் ஒரே அளவு வந்தது, கம்ப்ரஸருக்கு ஒன்றுமில்லை. அதன் பக்கத்தில், உள்ளங்கை அகலத்தில் ஒரு கட்டுப்பாட்டு போர்டு. வெதுவெதுப்புக்கு ஒதுங்கிய பல்லி ஒன்று அதில் கருகி ஒட்டியிருந்தது. அதைச் சுற்றிலும் பச்சைத் தகடு பழுப்பேறிக் கிடந்தது. அந்த போர்டை மாற்றினால் வேலை முடிந்தது. நிறுவனத்தின் சேவை மையத்தில் கேட்டோம். அந்த மாடலை நிறுத்திவிட்டோம், போர்டு வராது, பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதை எடுத்தால் தள்ளுபடி தருகிறோம் என்றார்கள். கம்ப்ரஸருக்குப் பத்தாண்டு உத்தரவாதம் என்ற ஒட்டுத்தாள் அந்தக் கதவில் இருந்தது, அந்தக் காலம் முடிந்திருக்கவும் இல்லை. தங்கையின் கணவர் இன்சுலின் போட்டுக்கொள்பவர். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கவேண்டும், உறையவும் விடக் கூடாது. பக்கத்து வீட்டுப் பெட்டியில் மருந்தை வைத்துவிட்டு, வேளாவேளைக்கு அவர்கள் வாசலில் போய் நின்றார். கடைசியில் மதுரையில் பழைய பெட்டிகளைப் பிரித்து விற்கும் ஒரு கடையில் அதே போர்டைத் தேடிப் பிடித்து அந்த மாணவர் மாட்டிக் கொடுத்தார். அவரைப் போல அலைய ஆள் இல்லாத வீட்டில் நல்ல கம்ப்ரஸரோடு முழுப் பெட்டியும் குப்பைக்குத்தான் போயிருக்கும்.

பத்தாண்டு உத்தரவாதம் என்ற அந்தப் பெரிய எழுத்தைப் பற்றி உங்களிடம் வருத்தத்தோடு சொல்லவேண்டியிருக்கிறது. வாங்குபவர் அதைப் பெட்டிக்கே உரிய உத்தரவாதமாக எடுத்துக்கொள்கிறார். பெரும்பாலும் முழுப் பெட்டிக்கு ஓராண்டுதான். அதன் பிறகு கம்ப்ரஸரைத் தருவார்கள். கேஸ் நிரப்பும் செலவு, ஆள் வந்துபோகும் கூலி, வரி எல்லாம் நம் தலையில். உள்ளபடி அடிக்கடி போவது எவை என்று எந்த மெக்கானிக்கையும் கேட்டுப் பாருங்கள். கதவு ரப்பர், தெர்மோஸ்டாட், விசிறி மோட்டார், பனி உருக்கும் ஹீட்டர், சென்சார், போர்டு, எங்கோ கண்ணுக்குத் தெரியாத கேஸ் கசிவு என்று வரிசையாகச் சொல்வார். அந்தப் பெரிய எழுத்து இவற்றில் ஒன்றையும் காக்காது.

கசிவு என்றதும் இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். முன்பெல்லாம் வெப்பத்தை வெளியேற்றும் குழாய் பெட்டியின் முதுகில் கறுப்புக் கம்பி வலையாகத் தெரியும். ஓட்டை விழுந்தால் கண்ணால் பார்த்துப் பற்றவைத்துவிடலாம். இப்போது பல மாடல்களில் அதைப் பக்கச் சுவருக்குள் வைத்து நுரையால் அடைத்துவிடுகிறார்கள். பக்கவாட்டைத் தொட்டால் சுடுவது அதனால்தான். பார்வைக்கு அழகு, தூசி அடையாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உள்ளே கசிந்தால் நுரையைக் குடைந்து தேட முடியாது. கைதேர்ந்தவர் பழைய குழாயைத் துண்டித்துவிட்டு வெளியே புதிய குழாய்ச் சட்டம் ஒன்றைக் கட்டிப் பிழைக்கவைப்பார். மற்றவர்கள் கைவிரித்துவிடுவார்கள். இந்த மாடலில் குழாயை எட்டிச் சரிசெய்ய முடியும், இதில் முடியாது என்பதை வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ள மக்களுக்கு உரிமை இல்லையா?

புதிய பெட்டிகள் பலவற்றில் இருக்கும் ஆர்600ஏ வாயு, ஐசோபியூட்டேன், புவி வெப்பமடைதலைப் பொறுத்தவரை பழைய ஆர்134ஏ வாயுவைவிட எவ்வளவோ நல்லது. சுமார் 50 கிராம் இருந்தாலே ஒரு வீட்டுப் பெட்டி ஓடிவிடும். ஆனால் அது தீப்பற்றும். முறையான பயிற்சியும் அந்த மாடலுக்குரிய கையேடும் இல்லாமல் குழாயில் நெருப்பைக் காட்டக் கூடாது. கையேட்டைத் தங்கள் சேவை மையங்களுக்குள்ளேயே பூட்டி வைத்திருக்கும் நிறுவனங்கள், வெளி மெக்கானிக்கிடம் போனால் ஆபத்து என்று வாடிக்கையாளரைப் பயமுறுத்துகின்றன. நான் சொல்லிக்கொடுத்த பிள்ளைகளுக்கு வேலை தெரியும். அவர்களுக்கு வேண்டியது மின்சுற்று வரைபடமும் பிழைக் குறியீட்டுப் பட்டியலும்தான்.

உங்கள் துறை இந்தத் திசையில் நடக்கத் தொடங்கியதை மறக்கவில்லை. 2022 டிசம்பர் 24 அன்று பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தைத் திறந்தீர்கள். வீட்டு உபயோகப் பொருள்களும் அதில் அடக்கம். உத்தரவாதக் காலத்தை விற்ற நாளிலிருந்து கணக்கிடாமல் வீட்டில் பொருத்திய நாளிலிருந்து கணக்கிடும்படி நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டீர்கள். கைபேசிக்கும் மின்னணுப் பொருள்களுக்கும், எவ்வளவு எளிதில் பழுதுபார்க்க முடியும் என்று காட்டும் பழுதுபார்ப்புக் குறியீடு கொண்டுவருவது பற்றிய குழுவின் அறிக்கை 2025-இல் உங்கள் கைக்கு வந்தது. எல்லாமே நல்லவை. ஆனால் அந்த இணையதளத்தில் போய்த் தேடுபவர், பெட்டியை ஏற்கெனவே வாங்கிப் பழுதோடு நிற்பவர். வாங்குவதற்கு முன் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்பவருக்கு இதில் எதுவும் போய்ச் சேரவில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கும் விதிகளைப் பாருங்கள். தெர்மோஸ்டாட், வெப்ப சென்சார், மின்சுற்று போர்டு ஆகியவை அந்த மாடலின் கடைசிப் பெட்டி சந்தைக்கு வந்த பிறகும் குறைந்தது 7 ஆண்டுகள் பழுதுபார்ப்பவர்களுக்குக் கிடைக்கவேண்டும். கதவு ரப்பர் 10 ஆண்டுகள். கேட்ட பாகம் 15 வேலைநாளுக்குள் வந்துசேரவேண்டும். இங்கே விற்கும் நிறுவனங்களில் சில அங்கேயும் விற்கின்றன, அங்கே அந்த விதிகளின்படி நடக்கின்றன. தூத்துக்குடிக்காரருக்கு மட்டும் ஏன் முடியாது?

இதற்காக வேறு அமைச்சகத்தின் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. நட்சத்திர முத்திரை மின்துறையைச் சேர்ந்தது. அதில் ஓர் எழுத்தை மாற்றவும் நாளாகும். ஆனால் அட்டைப் பெட்டியின்மேல் அதிகபட்ச விலையும் தயாரித்த மாதமும் வாடிக்கையாளர் சேவை எண்ணும் இருக்கவேண்டும் என்று கட்டாயப்படுத்தும் 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் உங்கள் துறையுடையவை. இந்தியத் தர நிர்ணய அமைவனமும் உங்கள் துறையின் கீழ்தான் இருக்கிறது. பொருளின் தரத்தையும் தன்மையையும் தெரிந்துகொள்ளும் உரிமையை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே தந்திருக்கிறது. பொட்டலப் பொருள் விதிகளில் சில வரிகளைச் சேர்த்தால் போதும்: இந்த மாடலுக்கு உதிரி பாகம் எந்த ஆண்டு வரை கிடைக்கும், முழுப் பெட்டிக்கு உத்தரவாதம் எவ்வளவு, அதில் கேஸும் கூலியும் அடங்குமா, குழாய் எந்த உலோகம், வெளியிலிருந்து எட்டுமா. போர்டுக்கும் கதவு ரப்பருக்கும் அன்றைய விலை என்ன என்பதை கியூஆர் குறியீட்டின் வழியே தரலாம்; மின்னணுப் பொருள்களுக்குச் சில விவரங்களை அப்படித் தர 2022-இல் நீங்களே விதியைத் திருத்தினீர்கள். பெட்டியின் மேல் இடமில்லை என்று எந்த நிறுவனமும் சொல்ல முடியாது. உத்தரவாதம் என்று பெரிய எழுத்தில் போட்டால், எதற்கு இல்லை என்பதையும் அதே அளவு எழுத்தில், அந்த மாநில மொழியிலும் போடவேண்டும்.

வாக்களித்த காலத்துக்குள் பாகம் கிடைக்காவிட்டால் என்ன ஈடு என்பதையும் அதே விதியில் எழுதிவிடுங்கள். இப்போது ஒருவர் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஆனால் பாகம் தருவதாக நிறுவனம் எழுத்தில் ஒன்றும் ஒப்புக்கொள்ளாதபோது எதைக் காட்டி வழக்காடுவது? வீட்டில் பால் திரிந்துகொண்டிருக்கும்போது விசாரணைத் தேதிக்குக் காத்திருக்கவும் யாராலும் முடியாது. அவர்கள் கடன் வாங்கியாவது புதிய பெட்டியைத் தவணையில் எடுத்துவிடுகிறார்கள்.

விதித் திருத்தத்தின் வரைவை வெளியிட்டு மக்களின் கருத்தைக் கேளுங்கள். அந்த வரைவு தமிழிலும் வரட்டும். நிறுவனங்களின் சங்கங்களை அழைத்துப் பேசும் அதே மேசையில், சொந்தமாகக் கடை வைத்திருக்கும் மெக்கானிக்குகளில் சிலரையும் உட்காரவையுங்கள். எந்தப் பாகம் எத்தனையாவது ஆண்டில் போகிறது, எது கிடைப்பதில்லை என்று அவர்கள் வைத்திருக்கும் பழுதுக் குறிப்பேடுகளே சொல்லும். அழைப்பு வந்தால் எங்கள் மாவட்டத்திலிருந்து அந்தக் குறிப்பேடுகளோடு வர என் மாணவர்கள் தயாராக இருக்கிறார்கள். உடன் வர நானும் இருக்கிறேன்.

இப்படிக்கு,
தூத்துக்குடியிலிருந்து ஓய்வுபெற்ற குளிர்பதனப் பயிற்றுநர் ஒருவர்